வெள்ளைக் குதிரை காணாமல் போன வழக்கு

மாசி மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு, தேரிமேடு மேல்நிலைப் பள்ளியின் பழைய ஹாலில், ஆண்டு விழாவுக்கு இன்னும் இருபத்தைந்து நாள் இருக்கையில், பதினொன்றாம் வகுப்புச் சந்தனமாரி தோளில் தோல்பையை மாட்டிக்கொண்டு, காதில் பேனாவைச் செருகிக்கொண்டு, பஸ் கண்டக்டராக மேடையேறி, "படியில நிக்காதீங்க, உள்ள போங்க" என்று சொல்வதற்காக வாயைத் திறந்தாள். வாயிலிருந்து வந்ததோ, "அரசே, இலாயத்தில் நின்ற வெள்ளைக் குதிரையைக் காணவில்லை" என்ற வசனம்.

நாடக மன்றத்தைப் பார்த்துக்கொண்ட ஜாஸ்மின் டீச்சர் கையிலிருந்த தாளைப் புரட்டினாள்.

"மாரி, இது எந்தப் பக்கத்துல இருக்கு?"

"தெரியல டீச்சர். வாய்ல இருந்துச்சு."

அதற்குள் பயணி வேஷம் போட்டிருந்த பையன் மந்திரியாகி, காணாமல் போன குதிரையைக் கடைசியாகப் பார்த்தது புல்லுக்கட்டுக்காரன்தான் என்று சாட்சி சொன்னான். டிரைவர் வேஷக்காரன் அரசனாகி, புல்லுக்கட்டுக்காரனை நாடு கடத்த நாள் குறித்தான். டிக்கெட் வாங்காத கிழவியாக நடிக்க வந்தவள் புல்லுக்கட்டுக்காரனின் பெண்டாட்டியாகித் தலைமுடியை அவிழ்த்துப்போட்டு, "என் வீட்டுக்காரர் குதிரைக்குப் புல்லைக் கொடுத்தார், அரசே, புல்லுக்குக் குதிரையைக் கேட்டதில்லை" என்று அழுதாள். கால் மணி நேரம் வழக்கு நடந்தது. கடைசியில் அரசன் எல்லாரையும் விட்டுவிட்டு ஆளில்லாத ஒரு மூலையைப் பார்த்துத் திரும்பி, "நாற்பது நாளாக இந்த வாயிலில் நிற்கிறாயே, காவலனே, நீ கண்டது என்ன?" என்று கேட்டான்.

அதற்குப் பதில் சொல்ல யாரும் இல்லை. பிள்ளைகள் அத்தனை பேரும் அந்த மூலையைப் பார்த்தபடி, ஜாஸ்மின் டீச்சரும் பார்த்தபடி, ஜன்னலில் உட்கார்ந்திருந்த காக்காய்கூட அந்தப் பக்கமே பார்த்தபடி, பேசாமல் இருந்தார்கள். பிறகு ஒரு பெருமூச்சு வந்தது. "படியில நிக்காதீங்க, உள்ள போங்க" என்றாள் சந்தனமாரி. ஒத்திகை நடந்தது.

மறுநாள் அது ஹாலைவிட்டு வெளியே வந்தது. வியாழக்கிழமை கடைத்தெருவுக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமைக்குள் ஊர் முழுக்க, கருப்பட்டிக் கிட்டங்கியில், ரேஷன் கடை வரிசையில், கோவில் நடையில், சர்ச் வாசலில், நாலு மணி அடித்ததும் யார் வாயில் எந்த வசனம் இருக்கிறதோ அதை அவரவர் எடுத்துச் சொன்னார்கள். ஒரு தெருவில் மந்திரி சொல்லி முடித்ததும் அடுத்த தெருவில் அரசன் பதில் சொன்னான். யாருக்கும் யார் சொன்னதும் கேட்காமல் போகவில்லை. தேரிமேட்டில் அதற்கு 'வழக்கு' என்று பெயர் விழுந்தது. "வழக்குக்கு முன்னாடி வந்துரு" என்றும், "வழக்கு முடிஞ்சு பாப்போம்" என்றும் பேசிக்கொண்டார்கள். பெண்கள் மூணேமுக்காலுக்கே பால் அடுப்பை அணைத்தார்கள். தூத்துக்குடியிலிருந்து வரும் நாலு மணி பஸ் ஊர் வளைவுக்கு வெளியிலேயே ஓரம் கட்டி நின்றது. வெளியூர்ப் பயணிகளுக்கும் ஆளுக்கு ஒரு "ஆம் அரசே" கிடைத்தது. மாத்திரை விற்க வந்த ஒரு கம்பெனிக்காரருக்கு மந்திரியின் நீண்ட வசனம் முழுதாக வாய்த்தது. அவரை விடாமல் பிடித்துவைத்து மீன்குழம்புச் சாப்பாடு போட்டு அனுப்பினார்கள்.

சச்சரவும் வந்தது. "ஊருக்கு ரோடு போட்டவன் நான், எனக்குத் தினமும் 'ஆம் அரசே'தானா? பிணம் எரிக்கவனுக்கு அரசன் வேஷமா?" என்று கவுன்சிலர் குதித்தார். வசனத்தைப் பங்கு வைத்தது யாரென்று தெரியாததால் மனுக் கொடுக்க இடமில்லாமல் போயிற்று. ஆறு வருசமாக முகம் பார்க்காத இரண்டு ஓரகத்திகளுக்கு ராணியும் தோழியும் வாய்த்தது. தினமும் ஒருத்தியை ஒருத்தி "கண்ணே" என்று கூப்பிட வேண்டியிருந்தது. இரண்டாவது வாரம் சுவருக்கு மேலே ஒரு கிண்ணத்தில் கருவாட்டுக் குழம்பு கைமாறியது. இது ஏன் நடக்கிறது என்று டீக்கடையில் ஒரே ஒருவர் கேட்டார். "கிணத்துல தண்ணி ஊறுது. அதை ஏன்னு என்னைக்காவது கேட்டீரா? குடிக்கத்தானே செய்தீரு?" என்று டீ மாஸ்டர் சொன்னதும் அவரும் விட்டுவிட்டார்.

கடைசியில் வரும் அந்த மௌனம் மட்டும் ஊரை உறுத்தியது. பள்ளிக்கூட பி.டி. சார் ஸ்டாப்வாட்சை அமுக்கிவிட்டு நின்று பார்த்தார். முதல் நாள் அளவு சரியாக ஐம்பத்திரண்டு வினாடி என்றும், அது நாளுக்கு நாள் இன்னொரு ஐம்பத்திரண்டு வினாடி கூடுகிறது என்றும் கண்டுபிடித்தார். அந்த நேரத்தில் உட்கார்ந்தவர் உட்கார்ந்தபடியும் நின்றவர் நின்றபடியும் மூச்சு விட்டுக்கொண்டு, கண் சிமிட்டிக்கொண்டு, வரவேண்டிய ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தார்கள். வலி இல்லை, பயம் இல்லை. தூக்கம் வருவதற்கு முந்தைய நிமிஷம் மாதிரி இதமாகத்தான் இருந்தது என்றார்கள். ஆனால் கணக்கு வாத்தியார் போர்டில் பெருக்கிக் காட்டினார்: அடுத்த மாசி வரும்போது அஞ்சேகால் மணி நேரம். பிறகு ஒரு நாள் முழுசும். பிறகு ஊர் விழிக்கவே விழிக்காது.

அந்த மௌனத்தில் ஊரிலேயே ஒரே ஒரு ஆள் மட்டும் காலாற நடந்துகொண்டிருந்தார். பந்தல், நாற்காலி, மைக் செட் வாடகைக்கு விடும் ஆனையப்பன்தான் அது.

அவருக்கு ஐம்பத்தைந்து வயது. பள்ளிக்கூடத்தோடு அவருக்குப் பகை. சின்னப் பகை இல்லை. நாற்பத்தோரு வருசத்துப் பகை. தேரிமேட்டில் எந்தக் கல்யாணமும், எந்தச் சாவும், எந்தக் கோவில் கொடையும் அவர் நாற்காலி இல்லாமல் நடந்ததில்லை. பள்ளிக்கூட விழாவுக்கு மட்டும் அவர் ஒரு நாற்காலி தந்ததில்லை; அவர்கள் ஒன்பது மைல் தள்ளியிருந்து லாரியில் ஏற்றிக்கொண்டு வருவார்கள். மகளை அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் படிக்கவைத்தார். அவள் பரிசு வாங்கிய நாளிலும் இரும்புக் கேட்டுக்கு வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்று, கைதட்டுச் சத்தத்தைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்.

காரணம் இதுதான். அவர் ஒன்பதாவது படித்த வருசம் தமிழய்யா ஒரு நாடகம் எழுதினார். அவருடைய வழக்கம், நோட்டுப் புத்தகத்தை யாரிடமும் தரமாட்டார். ஒவ்வொரு பையனுக்கும் அவனவன் வசனத்தை மட்டும் துண்டுத்தாளில் எழுதி, அதற்கு முன்னால் அடுத்தவன் சொல்லும் கடைசி மூன்று வார்த்தையையும் எழுதிக் கொடுப்பார். ஆகவே நாடகம் எப்படி முடியும் என்று நடித்த பையன்களுக்கே தெரியாது. வெள்ளைக் குதிரை காணாமல் போன வழக்கு அது. முடிவு வாயில்காவலன் கையில் இருந்தது. காவலன் நாடகம் முழுக்கக் கையில் ஈட்டியோடு மூலையில் நிற்பான், பேசமாட்டான்; கடைசியில் அரசன் கேட்கும்போது ஒரே ஒரு வசனம் சொல்வான், அதோடு வழக்கு தீரும். வகுப்பிலேயே குள்ளமான ஆனையப்பனைக் கூப்பிட்டு, அந்த வசனத்தைத் தாளில்கூட எழுதாமல் காதில் சொன்னார் தமிழய்யா. "ஒத்திகையில சொல்லக் கூடாது. விழா அன்னைக்குத்தான் சொல்லணும். அதுவரைக்கும் வாய்க்குள்ளயே வச்சிரு" என்றார். நாற்பது நாள் வைத்திருந்தான் பையன். அதற்கு முன்னால் எந்தப் பெரிய மனுசனும் அவன் காதில் எதையும் ரகசியமாகச் சொன்னதில்லை.

ராத்திரியில் கரண்ட் இருக்காது என்று அந்த வருசம் விழாவை மத்தியானமே வைத்தார்கள். சிறப்பு விருந்தினர் பிந்தி வந்தார். பிந்தி வந்ததற்கும் சேர்த்துப் பேசினார். ஆண்டு விழா என்பது பெரியவர்கள் பேசுவதற்கு. பேசி மிஞ்சிய நேரம்தான் பிள்ளைகளுக்கு. நாடகம் நாலு மணிக்குத் தொடங்கியது. அரசன் கேட்டான். காவலன் ஈட்டியைக் கீழே ஊன்றி, ஓர் அடி முன்னால் வந்து, வாயைத் திறந்தான். மைக் செட்டில் தேசிய கீதம் பாடத் தொடங்கியது.

ஊரே எழுந்து நின்றது. அரசன் நின்றான், ராணி நின்றாள், காவலன் திறந்த வாயோடு நின்றான். ஐம்பத்திரண்டு வினாடி. பாட்டு முடிந்ததும் ஜனங்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். தேசிய கீதம் போட்டபிறகு ஒரு விழாவை யார் தொடர முடியும்? முடிந்தது என்றால் முடிந்ததுதான். மறுநாளிலிருந்து ஆனையப்பன் பள்ளிக்கூடம் போகவில்லை. தமிழய்யா அந்தக் கோடையில் மாற்றலாகிப் போய், போன ஊரிலேயே காலமானார்.

பாட்டைப் போட்டவன் தங்கப்பழம். கூடப் படித்தவன், பக்கத்துப் பெஞ்சு, காவலன் வேஷத்தை முதலில் கேட்டவன். குரல் உடைந்திருந்ததால் அவனுக்கு அது கிடைக்கவில்லை. மேடைக்கு ஓரத்தில், மைக் செட்டுக்குப் பக்கத்தில், என்னமோ எடுபிடி வேலைக்கு உட்காரவைத்திருந்தார்கள். தனக்குக் கிடைக்காதது அடுத்தவனுக்கும் கிடைக்கக் கூடாது என்று பாட்டுத் தட்டைப் போட்டான், என் வசனத்தைத் திருடிவிட்டான் என்பது ஆனையப்பனின் முடிவு. தங்கப்பழம் இப்போது பலசரக்குக் கடை வைத்து, பெற்றோர் ஆசிரியர் கழகத்துக்குத் தலைவராகவும் இருந்தார். அவருடைய கடை இருந்த தெருவில் ஆனையப்பன் நாற்பத்தோரு வருசமாகக் கால் வைத்ததில்லை. சவ ஊர்வலத்துக்குக்கூட சுற்றிக்கொண்டுதான் போவார்.

ஆண்டுக்கொரு முறை, அந்தத் தேதியில், குடோன் கதவைச் சாத்திக்கொண்டு, அடுக்கிவைத்த நாற்காலிகளுக்கு முன்னால் நின்று அந்த வசனத்தைச் சொல்லிப் பார்ப்பார். மறக்கவில்லை. ஒரு எழுத்தும் மறக்கவில்லை.

இப்போது ஊரே அந்த வசனத்துக்காக வாயைப் பார்த்துக்கொண்டு நின்றபோது அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று சொல்லவும் வேண்டுமா? முதல் வாரம் அவர் தேரிமேட்டின் ராஜாவாக நடந்தார். பேச்சு நின்றதும் கடையைவிட்டு இறங்குவார். கையில் டம்ளரோடு நின்ற டீ மாஸ்டரைக் கடந்து, விரலை நீட்டியபடி நின்ற கவுன்சிலரைக் கடந்து, தராசைப் பிடித்தபடி நின்ற மீன்காரியைக் கடந்து, நடுரோட்டில் நடப்பார். எல்லாக் கண்ணும் எங்கோ ஒரு மூலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். செம்மண் காற்று மட்டும் வீசும். பனையோலை மட்டும் சலசலக்கும். 'நில்லுங்க, நல்லா நில்லுங்க. அன்னைக்கு நான் நின்ன மாதிரி நில்லுங்க' என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வார்.

வயசானவர்கள் சிலருக்கு மெல்ல ஞாபகம் வந்தது. "அந்தக் காவலன் வேஷம் போட்டது யாரு? நம்ம ஆனையப்பன்லா?" உடனே கடைக்குக் கூட்டம் வந்தது. பெரிய சார் என்று அழைக்கப்படும் தலைமை ஆசிரியரே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"அண்ணாச்சி, ஒரு வசனம்தானே. சொல்லிட்டா ஊருக்கு நல்லது."

"மறந்துபோச்சு சார்" என்றார் ஆனையப்பன், சீரியல் பல்புகளைத் துடைத்துக்கொண்டே. "நான் ஒம்பதாங் கிளாஸ். படிச்சவுக யாராவது எழுதிக் குடுங்க."

எழுதியும் பார்த்தார்கள். ஒரு கவிஞர் பதினெட்டுப் பதில் எழுதிக்கொண்டுவந்து, மௌனம் தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும் என்று வேகமாகப் படித்தார். ஒன்றும் நடக்கவில்லை; பதினெட்டாவது அவர் வாயிலேயே நின்றுபோயிற்று.

கடைக்குப் பின்கட்டில் இருந்த வீட்டில், அவர் மனைவி வேலம்மாளுக்குப் புல்லுக்கட்டுக்காரன் பெண்டாட்டி வசனம். தினமும் நாலு மணிக்குக் கையில் கரண்டியோடு வந்து புருசன் முன்னால் நின்று அழுவாள். ஒரு நாள் மௌனம் கலைந்து பார்த்தபோது ஆனையப்பன் காலில் செம்மண் அப்பியிருந்தது.

"எங்க போயிட்டு வந்திய?"

"காலாற நடந்தேன்."

"ஊரு நிக்கையில நீங்க மட்டும் எப்படி நடந்திய?" கரண்டியைக் கீழே வைத்தாள். "உங்களுக்குத் தெரியும். வாய்க்குள்ள வச்சுக்கிட்டு இருக்கிய. நான் தினமும் உங்க மூஞ்சியைப் பாத்துத்தான் அழுதேன், பொய்யழுகைதான், சரி. ஆனா கண்ணுல வருதது உண்மையான தண்ணிதான?"

அவர் கால் கழுவப் போனார். அன்று ராத்திரி சாப்பிடவில்லை.

மூன்றாவது வாரம் சந்தனமாரி வந்தாள். கண்டக்டர் பையோடுதான் வந்தாள்.

"பெரியப்பா, நான் வசனம் கேக்க வரல."

"பின்ன?"

"எங்க நாடகம் மொத்தம் எட்டு நிமிசம். நானே எழுதுனது. விழா அன்னைக்குச் சிறப்பு விருந்தினர் பேசி முடிக்க எப்படியும் நாலாயிரும். அப்புறம் வழக்கு கால் மணி நேரம். அப்புறம் எல்லாரும் இருபத்திரண்டு நிமிசம் நிக்கணும். அப்புறம் பெரிய சார் வாட்சைப் பாப்பாரு. பாட்டைப் போட்டுருவாவ. எங்க நாடகம் போச்சு."

"எனக்கும் அப்படித்தாம்மா போச்சு."

"அதான் உங்ககிட்ட வந்தேன்" என்றாள். "இதெல்லாம் வேற யார்கிட்ட சொன்னா புரியும்?"

சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். ஆனையப்பன் அன்று முழுக்கச் சீரியல் பல்புகளையே துடைத்துக்கொண்டிருந்தார்.

விழாவுக்கு முந்தின நாள் மௌனம் இருபத்தோரு நிமிசமும் சொச்சமும் நீண்டது. ராஜாவாக நடக்கும் ஆசை அவருக்கு எப்போதோ தீர்ந்திருந்தது. யாரும் பார்க்காத ராஜாவுக்கு என்ன ராஜ்யம்? ஒரு குழந்தை ஊஞ்சலில் பாதி தூரத்தில் கால் ஊன்றி நின்றது. அதன் மூக்கில் உட்கார்ந்த ஈயை ஓட்டிவிட்டார். வேலம்மாள் கன்னத்தில் கண்ணீர் காய்ந்திருந்தது, துடைத்துவிட்டார். பேச்சுத் துணைக்கு ஒரு ஆள் இல்லாமல், தன் காலடிச் சத்தம் தனக்கே கேட்க, நடந்து நடந்து, எந்தத் தெருவில் நுழைகிறோம் என்று பார்க்காமல் நுழைந்து, நிமிர்ந்தபோது தங்கப்பழத்தின் பலசரக்குக் கடைக்கு முன்னால் நின்றார்.

தங்கப்பழம் கல்லாவுக்குப் பின்னால் நின்றார். தலை வழுக்கை. தொப்பை மேசையில் இடித்தது. மற்ற எல்லாரும் ஏதோ மூலையைப் பார்த்தபோது இவர் மட்டும் நேராக ரோட்டைப் பார்த்தார். இரண்டு கையிலும் கைக்கொரு கொட்டாங்கச்சி. அரைக் கொட்டாங்கச்சி, கறுத்து, எண்ணெய் பூசினாற்போல் மின்னியது. அடிப்பதற்குத் தூக்கிய கை தூக்கியபடியே, எதற்கோ காத்துக்கொண்டிருந்தது.

ஆனையப்பன் போகாமல் நின்றார். மௌனம் முடிகிறவரை நின்றார். பெருமூச்சு வந்ததும் தங்கப்பழம் கையை இறக்கினார். எதிரில் நிற்பவரைப் பார்த்ததும் கொட்டாங்கச்சிகளை முதுகுக்குப் பின்னால் மறைக்கப் போனார்.

"என்ன வே அது, கையில?" என்றார் ஆனையப்பன். நாற்பத்தோரு வருசத்தில் முதல் பேச்சு அது.

"குதிரை" என்றார் தங்கப்பழம்.

"எந்தக் குதிரை?"

"உம்ம குதிரைதான். வாரும், உள்ள வாரும். நிக்காதேயும்."

ஆனையப்பன் வெளியிலேயே நின்றார். தங்கப்பழம் கல்லாப் பெட்டிக்கு அடியிலிருந்து ஒரு துண்டுத்தாளை எடுத்தார். மடிப்பு மடிப்பாகக் கிழிந்து, ஒட்டுப்போட்ட தாள். தமிழய்யாவின் சாய்ந்த எழுத்து. 'காவலன் பேசி முடித்ததும் குதிரைக் குளம்பொலி. அருகில் தொடங்கித் தூரமாகப் போய்த் தேய வேண்டும்.'

"எனக்குக் குடுத்தது இதுதான் வே. நாப்பது நாளு ஆத்தங்கரையில போயி, கல்லுல தட்டி, மண்ணுல தட்டி, கிட்டத்துல எப்படி, தூரத்துல எப்படின்னு பழகுனேன். நீரு பேசுனாத்தான் நான் தட்ட முடியும். உமக்கு ஒரு வசனம் போச்சு. எனக்கு ஒரு குதிரையே போச்சு."

"அப்புறம் ஏன்லே பாட்டைப் போட்ட?" குரல் உடைந்தது ஆனையப்பனுக்கு, ஒன்பதாம் வகுப்புப் பையனின் குரலாகவே உடைந்தது.

"மைக் செட்டுக்காரன் டீ குடிக்கப் போனான். போம்போது, அன்னைக்கு இருந்த பெரிய சார் எந்திரிச்சார்னா இந்தத் தட்டைப் போட்டுருன்னான். அந்தக் காலத்து வழக்கம் அதானே? அவரு எந்திரிச்சா விழா முடிஞ்சுதுன்னு அர்த்தம். நீரு முன்னாடி வந்தீரு. பெரிய சார் எந்திரிச்சார். போட்டுட்டேன்."

"அவரு ஏன் எந்திரிச்சாரு?"

தங்கப்பழம் கொட்டாங்கச்சிகளை மெதுவாக மேசைமேல் கவிழ்த்தார்.

"மறுநாள் என்னைக் கூப்பிட்டு உள்ளங்கையில பிரம்பால ஆறு போட்டாரு. போட்டுட்டுச் சொன்னாரு: 'அந்தக் குட்டைப்பயல் முகம் முன்வரிசைத் தலைக்கு மேல தெரியல, அவன் என்ன சொல்லப் போறான்னு பாக்க எந்திரிச்சேன், மடையா, நீ பாட்டைப் போட்டுட்ட' அப்படின்னாரு. உம்மைப் பாக்கத்தான் வே எந்திரிச்சாரு."

ஒரு சைக்கிள் மணியடித்துக்கொண்டு போயிற்று. ஆனையப்பன் சாக்கு மூட்டைமேல் கை ஊன்றிக்கொண்டார்.

"இதை ஏன் எங்கிட்ட சொல்லல?"

"எப்ப சொல்ல? நான் வந்தா நீரு எதிர்த் தெருவுல போறீரு. உம்ம கல்யாணத்துக்கு வந்தேன். பந்தல்ல என்னைப் பாத்ததும் தாலி கட்ட மாட்டேன்னு எந்திரிச்சீரு. நான் பந்தியில உக்காராமப் போனேன். மறந்துட்டீரா?"

அதை மட்டும் அவர் மறந்திருந்தார்.

மறுநாள் விடிந்ததும் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் ஆனையப்பனின் டெம்போ நின்றது. முந்நூறு நாற்காலி இறங்கியது. ஹாலின் முன்வரிசையை அவர் தன் கையால் போட்டார். போட்டுவிட்டு, பின்னால் உட்கார்கிறவருக்கு மறைக்கிறதா என்று ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து பார்த்தார். மேடைக்கு ஓரத்தில் மைக் செட்டை வைத்து, அதன் பக்கத்தில் மரப் பெஞ்சு ஒன்றைப் போட்டு, தங்கப்பழத்தை உட்காரவைத்தார். இப்போது தட்டு இல்லை, பென்டிரைவ்தான். அதைக் கழற்றித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"நம்பிக்கை இல்லையா வே?" என்றார் தங்கப்பழம்.

"உம்மேல இருக்கு. பெரிய சார்மாருமேலதான் இல்ல."

சிறப்பு விருந்தினர் பிந்தி வந்தார். மாணவச் செல்வங்களே என்று தொடங்கி, தன் இளமைக் காலத்துக்குப் போய், அங்கேயே தங்கிவிட்டார். தட்டாங்கல் ஆடிய பிள்ளைகளை டீச்சர்கள் கிள்ளினார்கள். ஏழாம் வகுப்புக் கும்மி இரண்டு நிமிசத்தில் நிறுத்தப்பட்டது. கோலாட்டம் மேடையேறாமலே இறங்கியது. சந்தனமாரி தோல்பையை மாட்டிக்கொண்டு படியில் நின்றாள். விருந்தினர், "இறுதியாக ஒன்று" என்று மூன்றாவது முறை சொன்னபோது மணி நாலு அடித்தது. அவர் வாயிலிருந்து "ஆம் அரசே" என்று வந்தது, வந்ததும் உட்கார்ந்துவிட்டார்.

வழக்கு தொடங்கியது. அன்றைக்கு அது ஊரெல்லாம் சிதறாமல், ஆறு ஓடிவந்து குளத்தில் சேர்ந்ததுபோல அந்த ஒரே ஹாலுக்குள் வந்து சேர்ந்தது. மூன்றாவது வரிசையிலிருந்து மந்திரி எழுந்தார். ஜன்னலோரம் ராணியும் தோழியும் கையைப் பிடித்துக்கொண்டார்கள். வேலம்மாள் பெண்கள் பக்கத்திலிருந்து அழுதுகொண்டே வந்து மேடைக்குக் கீழே நின்றாள். கடைசியில் அரசன் வசனம் சந்தனமாரிக்கு வாய்த்தது. காதில் பேனாவோடு, காக்கிச் சட்டையோடு, அவள் மூலையைப் பார்த்துத் திரும்பினாள். அன்று அந்த மூலையில் ஆள் இருந்தது.

"நாற்பது நாளாக இந்த வாயிலில் நிற்கிறாயே, காவலனே, நீ கண்டது என்ன?"

முந்நூறு நாற்காலியிலும் மூச்சு நின்றது. எல்லாக் கண்ணும் அவர்மேல் இருந்தது. இத்தனை நாளாக அவர்கள் பார்த்துக்கொண்டிருந்த மூலை இதுதான் என்று அப்போது அவருக்குத் தெரிந்தது. ஆனையப்பன் ஓர் அடி முன்னால் வந்தார். கையில் ஈட்டி இல்லை. மைக் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டார். வாயைத் திறந்தார். எந்தப் பாட்டும் வரவில்லை.

"குதிரையை யாரும் திருடவில்லை, அரசே."

சொன்னதும் நின்றார். நாற்பத்தோரு வருசமாக நாற்காலிகளிடம் சொல்லிய வசனம்தான். ஆனால் அது என்ன சொல்கிறது என்று அவர் இன்றுதான் காதில் வாங்கினார். மேடையோரத்தில் தூக்கிய கையோடு உட்கார்ந்திருந்த வழுக்கைத் தலையை ஒரு முறை பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு மிச்சத்தையும் சொன்னார்.

"அது வெளியையே பார்த்துக்கொண்டு நின்றது. கதவைத் திறந்துவிட்டவன் நான்."

டக் டக், டக் டக் என்று பெஞ்சிலிருந்து குதிரை கிளம்பியது. மைக்குக்குப் பக்கத்தில் அது ஹாலையே அதிரவைத்தது. முன்வரிசையில் இருந்தவர்கள் காலை இழுத்துக்கொண்டார்கள். தங்கப்பழம் எழுந்தார். தாளில் எழுதியிருந்தபடி தூரமாகப் போக வேண்டுமே. கொட்டாங்கச்சியைத் தட்டியபடியே பக்கவாசல் வழியாக இறங்கினார். படிக்கட்டில் அதன் நடை மாறியது, சிமென்டுத் தரையில் ஓட்டமாயிற்று. தொப்பை குலுங்க, வேட்டி நழுவ, தட்டுவதை நிறுத்தாமல் விளையாட்டு மைதானத்தில் போனார். ஆடு மாடு நுழையாமல் இருக்க இரும்புக் கேட்டைத் தாழ்ப்பாள் போட்டுச் சாத்தியிருந்தார்கள். மேடையிலிருந்து குதித்து, மைதானத்தைக் குறுக்கே கடந்து, அவருக்கு முன்னால் ஓடிப்போய் ஆனையப்பன் தாழ்ப்பாளை இழுத்தார். துரு பிடித்த கதவு. தோளைக் கொடுத்துத் தள்ளித் திறந்தார்.

குளம்பொலி அவரைத் தாண்டி வெளியே போயிற்று. தேரியின் செம்மணலில் இறங்கியதும் மெத்தென்று ஆயிற்று. பனைகளுக்கு நடுவே கொஞ்சம் கேட்டது, பிறகு கேட்டதா இல்லையா என்று சொல்ல முடியவில்லை. ஹாலில் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. சிறப்பு விருந்தினர்கூட நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, அது தேய்ந்து முடிகிறவரை காதைக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

பிறகு, "படியில நிக்காதீங்க, உள்ள போங்க!" என்று சந்தனமாரியின் குரல் மைக்கில் வந்தது. முந்நூறு நாற்காலியும் சிரித்தது. எட்டு நிமிசம் முழுக்க ஆனையப்பன் கேட்டுக்குப் பக்கத்திலேயே நின்று அதைக் கேட்டார். கதவைச் சாத்தவில்லை. கொட்டாங்கச்சியோடு போன ஆள் திரும்பி வர வேண்டும் அல்லவா.